சார்ந்து வாழும் தங்கை

"அந்தப் பொட்டை அழிச்சுடு, கிருஷ்ணம்மா" என்றாள் நாகலக்ஷ்மி.

கிருஷ்ணம்மாள் சீடை உருட்டிக்கொண்டிருந்தாள். சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து நிமிர்ந்தாள்.

"எதை மாமி?"

"நெத்தியில இருக்கறதைத்தான். தாலியைக் கழட்ட வேண்டாம், ரவிக்கைக்குள்ள தள்ளிண்டா போறும். இந்தா, இந்தப் புடவையைக் கட்டிக்கோ. பதினோரு மணிக்கு லேபர் ஆபீஸ்லேர்ந்து வரா."

நீட்டிய புடவை வெளிறிப்போன சாம்பல் நிறத்தில் இருந்தது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண் தெருவில் வந்தால் போடலாம் என்று ஒதுக்கி வைத்தது. கிருஷ்ணம்மாள் கையை நீட்டவில்லை.

"எம் புருசன் உசிரோட இருக்காரு மாமி."

"இல்லேன்னு யாருடி சொன்னா? ஒரு மணி நேரத்துக்குத்தானே. நீ எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி. அதைத்தான் இன்னிக்கு வாயால சொல்லப்போறோம், அவ்வளவுதான்."

எட்டு வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்க்கும் கிருஷ்ணம்மாளுக்குத் தான் கூடப்பிறந்தவள் என்ற செய்தி அன்று காலை பத்தேகாலுக்குத்தான் தெரியவந்தது.

கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் நடப்பது 'நாகலக்ஷ்மி கிருஹ பட்சணம்'. கல்கத்தாவின் தமிழ் வீடுகளுக்கு மட்டுமல்ல, ஜாம்ஷெட்பூர், துர்காபூர், ரூர்கேலா என்று தமிழர்கள் வேலைக்குப் போய்க் குடியேறிய ஊர்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் முறுக்கும் தட்டையும் அதிரசமும் போகின்றன. புனேயில் இருக்கும் மகன் ஜெயந்த் இணையத்தில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்திருக்கிறான். 'பரம்பரை மாமிகளின் மடிக் கைகளால்' என்று அதில் எழுதியிருக்கும். கீழே மடிசார் கட்டிய நாகலக்ஷ்மி முறுக்கு சுற்றும் படம். அவள் தன் ஆயுளில் சுற்றிய வியாபார முறுக்கு, அந்தப் படத்துக்காகச் சுற்றிய அந்த ஒன்றுதான்.

மீதி முறுக்கையெல்லாம் கிடர்பூரிலிருந்து வரும் ஐந்து பெண்கள் சுற்றினார்கள். தாத்தா காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்து அங்கேயே தங்கிப்போன குடும்பத்துப் பெண்கள். பக்கத்துச் சந்தில், சாக்கடையை ஒட்டிய கதவு வழியாக வருவார்கள். அதே வழியாகப் போவார்கள். வாடிக்கையாளர் யாராவது வந்தால் சமையற்கட்டுக் கதவு சாத்தப்படும். அவர்கள் பிசைந்த மாவுக்குத் தீட்டு கிடையாது, காய்ச்சிய எண்ணெய்க்குக் கிடையாது, அவற்றால் வரும் பணத்துக்குச் சுத்தமாகக் கிடையாது. கூடத்துக்கு மட்டும் உண்டு. இது நாகலக்ஷ்மி கண்ட சாஸ்திரம்.

கூலி, சட்டம் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். அதற்காக அந்த வீட்டில் சட்டத்தை மதிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதிவேடு இருந்தது, மாதா மாதம் ஐந்து பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும்போதெல்லாம் அந்தப் பதிவேட்டில் வேலை நேரம் குறைந்தது. எட்டு மணி நேரம் ஆறானது, ஆறு ஐந்தானது, இப்போது நான்கில் வந்து நின்றது. அடுப்புக்கு மட்டும் இந்தச் சேதி எட்டவில்லை. அது ஒன்பது மணி நேரம் எரிந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தவள் தாரா. ஒரு மாதத்துக்கு முன், எண்ணெயில் சீடை வெடித்து அவள் வலது முன்கை முழுக்கச் சுட்டுவிட்டது. நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, அந்த நான்கு நாளுக்கும் கூலி வேண்டும் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூலி என்றால் சர்க்கார் சொன்ன கூலி என்றும் சேர்த்துச் சொன்னாள். அன்றே அவளுக்குக் கதவு சாத்தப்பட்டது.

தாரா லேபர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதச் சொன்னாள். எழுதியவள் கிருஷ்ணம்மாளின் மகள் பிரியங்கா. காலேஜில் இரண்டாம் வருஷம். மனுவை எடுத்துக்கொண்டு தாரா மற்ற நான்கு பேர் வீட்டுக்கும் போனாள். ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. "எனக்குக் கையெழுத்துப் போட வராதுடி" என்றாள் கிருஷ்ணம்மாள், சொந்த மகள் எழுதிய மனுவைப் பார்த்துக்கொண்டு. மாதா மாதம் பதிவேட்டில் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவளின் முகத்தைத் தாரா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தான் ஒருத்தியாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

லேபர் ஆபீஸிலிருந்து ஆள் வரும் தேதி முதல் நாளே தெரிந்துவிட்டது. மற்ற மூன்று பெண்களையும் வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் நாளை மறுநாள் கோகுலாஷ்டமி. நாற்பது வீட்டுக்குச் சீடை போக வேண்டும். கிருஷ்ண பரமாத்மா லேபர் ஆபீஸுக்காகப் பிறந்தநாளைத் தள்ளிப்போட மாட்டார். அதனால் ஒருத்தியாவது அடுப்படியில் இருந்தாக வேண்டும்.

அந்த ஒருத்தியை எப்படிக் கணக்கிலிருந்து மறைப்பது என்பதற்கு வழி கண்டவர் லக்ஷ்மிநாராயணன். நாகலக்ஷ்மியின் கணவர். ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனத்தின் சட்டப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவர், காலைக் காப்பி முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"இதோ பார். முதலாளியோட கூடவே தங்கி, அவரைச் சார்ந்து வாழற குடும்பத்தாருக்கு இந்தச் சட்டம் கிடையாது. க்ளியரா போட்டிருக்கான். இவ உன் தங்கை. தீர்ந்தது."

"தங்கைன்னா நம்பிடுவாளா?"

"வரப்போறவ பெங்காலி. அவளுக்கு நாம எல்லாரும் மதராசி. ஆனா, சார்ந்துன்னு இருக்கே. புருஷன் இருந்தா அவனைத்தானே சார்ந்திருப்பா?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புருஷன் போயிட்டான்னு வெச்சுக்கலாம்."

விண்ணப்பத்தில் காலியாக இருந்த ஒரு கட்டத்தை நிரப்புவதுபோல அவர் கிருஷ்ணம்மாளின் கணவன் மருதமுத்துவைக் கொன்றார். அதற்குக் காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"யோசிச்சுக்கோ கிருஷ்ணம்மா" என்றாள் நாகலக்ஷ்மி, புடவையை இன்னும் நீட்டியபடி. "இன்னிக்கு ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா, நான் கடையை மூடிண்டு பகவானேன்னு உக்காந்துடுவேன். எனக்கு ஒண்ணும் இல்லை. உங்க நாலு பேர் அடுப்பும் அணைஞ்சுடும். உன் பொண்ணு காலேஜுக்கு யார் கட்டுவா?"

மருதமுத்து கிடங்கில் மூட்டை சரிந்து முதுகு ஒடிந்தவன். இப்போது கைவண்டிகள் நிறுத்துமிடத்தில் காவலுக்கு உட்காருகிறான், கொடுத்தால் வாங்கிக்கொள்கிறான். கிருஷ்ணம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். விரலெல்லாம் மாவாக இருந்ததால் முன்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். குங்குமம் கையில் ஒரு கீறல்போல வந்தது.

சற்று நேரத்தில், சாம்பல் புடவை கட்டி நின்ற அவளை லக்ஷ்மிநாராயணன் கூடத்துக்கு அழைத்துப்போனார். எட்டு வருஷத்தில் அவள் அங்கே கால் வைப்பது அதுவே முதல் முறை. பிரம்பு நாற்காலியைக் காட்டி, "இப்படி உக்காரும்மா, சகஜமா இரு" என்றார். நாகலக்ஷ்மி ஓடிவந்து நாற்காலியின் மெத்தையை மட்டும் உருவிக்கொண்டு போனாள்.

வந்த அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ஸ்மிதா. ஜீப்பும் இல்லை, சிப்பந்தியும் இல்லை, பஸ்ஸில் வந்திருந்தாள். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, தோளிலிருந்த பையை இறக்கிக் காகிதங்களை எடுத்தாள். லக்ஷ்மிநாராயணன் இங்கிலீஷில் ஆரம்பித்தார். அவள் வங்காளத்திலேயே பதில் சொன்னாள்.

"எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"மூணு பேர். பார்ட் டைம். தினம் நாலு மணி நேரம். இன்னிக்கு லீவு."

"இவங்க?"

"என் மனைவியோட தங்கை. கணவர் இல்லை. பாவம், எங்களோடதான் இருக்கா. எங்களைத்தான் நம்பி இருக்கா."

ஸ்மிதா தலையசைத்து எழுதிக்கொண்டாள். சமையற்கட்டைப் பார்க்கலாமா என்றாள். பார்த்தாள். நான்கு பெரிய அடுப்புகள், ஐந்து மணைகள், ஐந்து முறுக்குக் குழல்கள், சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கிய டப்பாக்கள். தங்கை தங்கும் அறை எது என்று கேட்டாள். அரிசி மூட்டைகள் வைக்கும் அறையில் ஒரு பாயும் தலையணையும் போட்டு வைத்திருந்தார்கள். தலையணை உறையில் கடை விலைச்சீட்டு அப்படியே இருந்தது. அதையும் பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி, கிருஷ்ணம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தீதி" என்று வங்காள வழக்கப்படி அக்கா முறை வைத்து அழைத்தாள். "உங்க கணவர் எப்போ காலமானார்?"

"ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

நாகலக்ஷ்மி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சிரித்தாள். கல்கத்தாவுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் அவளுக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுமளவுக்குத்தான் வங்காளம் வரும். கிருஷ்ணம்மாளுக்கோ அது பிறந்து விளையாடிய தெருவின் மொழி.

அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது. மருதமுத்து ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, சாப்பாட்டு டப்பாவை அவள் கையில் கொடுத்து, மூடி தளர்ந்திருக்கிறது, சாய்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மனிதனுக்குச் செத்த வருஷம்கூட இங்கே குறித்தாகிவிட்டது. பதிவேட்டில் இருந்த பொய்க்கு எட்டு வருஷம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தாராவிடம் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துப் பார்த்தாள். வாய் வரவில்லை.

"அவர் சாகலை" என்றாள் வங்காளத்தில். "பேரு மருதமுத்து. கிடர்பூர்ல இருக்காரு. காலையில என்னை பஸ் ஏத்தி விட்டதே அவருதான்."

லக்ஷ்மிநாராயணனின் கண்ணாடி மூக்கிலிருந்து சற்று இறங்கியது.

"நான் இவங்களுக்குத் தங்கச்சி இல்லை. எட்டு வருஷமா வேலை பார்க்கறேன். காலையில எட்டரைக்கு வருவேன், அஞ்சரைக்குப் போவேன். இன்னும் மூணு பேரை இன்னிக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. தாரான்னு ஒருத்தி கை வெந்து போச்சு, அவளை நிறுத்திட்டாங்க. அவ மனுவுல எழுதினது எல்லாம் நிசம்."

"என்ன சொல்றா? ஏன்னா, என்ன சொல்றா அவ?" என்று நாகலக்ஷ்மி கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள். முப்பத்திரண்டு வருஷச் சட்ட அனுபவத்தில் அவருக்கு அன்றுதான் பேசாமலிருக்கும் உரிமை நினைவுக்கு வந்தது.

ஸ்மிதா பேனாவை மூடிவைத்தாள். "தீதி, ஒண்ணு சொல்லிடறேன். நான் எழுதிட்டுப் போயிடுவேன். என் கையில இந்த மாதிரி அறுபது இடம் இருக்கு. கேஸ் நடக்கும், நாளாகும். நாளைக்குக் காலையில உங்களுக்கு இங்கே வேலை இருக்காது. அதை என்னால தடுக்க முடியாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்" என்றாள் கிருஷ்ணம்மாள். "நீங்க எழுதுங்க. கையெழுத்துப் போட எனக்கு வரும்."

அதிகாரி போன பிறகு நாகலக்ஷ்மிக்குக் குரல் வந்தது. எட்டு வருஷம் சோறு போட்ட வீடு என்றாள், நன்றிகெட்ட ஜன்மம் என்றாள், கூடத்தில் உட்காரவைத்ததற்கு இது வேண்டும் என்றாள். கிருஷ்ணம்மாள் அந்தச் சாம்பல் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, தன் புடவையைக் கட்டிக்கொண்டாள். சமையற்கட்டுக்குப் போய்க் கடைசி ஈட்டுச் சீடையை அரித்தெடுத்து எண்ணெய் வடியப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். போனாள்.

கிடர்பூரில் அவளை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. மறுநாள் காலை பெஹாலா வீட்டின் சந்துக் கதவு திறக்காததும், மற்ற மூன்று பேரும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் தேவிப்ரியாவுக்குக் கைக்குழந்தை இருந்தது. "பாதிக் கூலின்னாலும் கூலிதானேக்கா? இப்ப முழுக் கூலி காயிதத்துல இருக்கு, கையில ஒண்ணுமில்ல. உன் நாயம் எங்க சோத்துல மண்ணு" என்று அழுதாள்.

மருதமுத்தும் கத்தினான். "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? அவுங்க என்னமோ சொல்லிட்டுப் போறாங்க, ஒனக்கென்ன?"

"உன்னையச் செத்துட்டதாச் சொன்னாங்க."

அவன் கத்துவதை நிறுத்தினான்.

"எப்பிடிச் செத்தேனாம்?"

"அதுக்குள்ள நான் பேசிட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்று மாலை அவள் தாராவின் வீட்டுக்குப் போனாள். தாரா இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெந்த கையில் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன்டி."

"மூணு வாரம் கழிச்சு" என்றாள் தாரா. களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்துதான், "உள்ள வா" என்றாள்.

வழக்கு மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது. கிருஷ்ணம்மாள் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். லக்ஷ்மிநாராயணன் ஒரு சபாவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் 'ஏழையைக் கெடுக்கும் கூலிச் சட்டங்கள்' என்று முக்கால் மணி நேரம் பேசினார். கட்டாயப்படுத்திக் கூலியை ஏற்றினால் சிறு தொழில் செத்துப்போகும், முதலில் வேலை இழப்பது ஏழைப் பெண்கள்தான் என்று தழுதழுத்தார். அந்தப் பெண்களை வேலையிலிருந்து எடுத்தது யார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

சட்டம் சொன்ன கூலியைக் கொடுத்தால் தொழில் செத்துப்போகும் என்றவர்கள், பாலக்காட்டிலிருந்து கிரீஷ் என்ற ஒரு சமையல்காரரை வரவழைத்தார்கள். ரயில் டிக்கெட், மின்விசிறியோடு தனி அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, இவ்வளவும் போகக் கிருஷ்ணம்மாளைப்போல மூன்று பேருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய சம்பளம் அவர் ஒருவருக்கு. அவர் அந்த வீட்டு ஜாதி. அவருக்குக் கூடம் உண்டு, பிரம்பு நாற்காலி உண்டு, அதன் மெத்தையும் உண்டு. மத்தியானம் சாப்பிட்டபின் அவரை எழுப்பும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் அவர் வரையில் அதிகாரி வராமலேயே அமலுக்கு வந்தது. ஆறு மணி நேரமாகவே வந்தது. இருபத்துநாலாம் நாள் அவர், "மாமி, இது அஞ்சாள் ஜோலி. இவ்வளவு நாள் யார் செஞ்சாளோ அவாளையே கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, துர்கா பூஜைக் கூட்டத்துக்கு முன்பே ரயில் ஏறிவிட்டார்.

காளி பூஜைக்கும் தீபாவளிக்கும் மூன்று வாரம் இருந்தது. இருநூறு வீட்டு ஆர்டருக்கு ஜெயந்த் முன்பணம் வாங்கிப் போட்டிருந்தான். நாகலக்ஷ்மி இரண்டு நாள் தானே சுற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை. நான்காம் நாள் வாடகைக் கார் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடர்பூருக்கு வந்தாள்.

கார் சந்துக்குள் போகாது. இறங்கி நடந்தாள். குழாயடியில் நின்றிருந்த பெண்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். கிருஷ்ணம்மாள் வெளியே வந்தாள். பிரியங்காவும் பின்னாலேயே வந்தாள். செய்தி பரவி, தாராவும் மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

"என்னமோ நடந்தது நடந்து போச்சு" என்றாள் நாகலக்ஷ்மி. "நான் மனசுல எதையும் வெச்சுக்கல. நாளைக்கே எல்லாரும் வந்துடுங்கோ. நீ என் தங்கை மாதிரி கிருஷ்ணம்மா. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்."

"அந்த ஒறவு வேணாம் மாமி. அது கட்டுப்படியாகல" என்றாள் கிருஷ்ணம்மாள். "வேலைக்காரியா வாரேன். எத்தனை மணி நேரம், என்ன கூலி, கையில காயம் பட்டா யாரு பொறுப்பு, எல்லாம் எழுதிக் குடுங்க. கேஸு அது பாட்டுக்கு நடக்கும், அதை வாபஸ் வாங்கச் சொல்லாதீங்க."

"நமக்குள்ள எதுக்குடி எழுத்து?"

"எழுதின இடத்துலயே நாலு மணி நேரம்னு எழுதினீங்க. எழுதாட்டி என்ன ஆகும்?"

பெண்களில் யாரோ சிரித்தார்கள். நாகலக்ஷ்மியின் முகம் கறுத்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு அடி வைத்தாள். இருநூறு வீட்டு முன்பணம் அவளை நிறுத்தியது. அவளை நிறுத்தியது அதுதான். மனசாட்சி என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பிரியங்கா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். "இங்கிலீஷ்ல எழுதுங்க ஆன்ட்டி. எனக்குத் தமிழ் படிக்க அவ்வளவா வராது." தேவிப்ரியா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அது யார் உட்கார்ந்த ஸ்டூல் என்று நாகலக்ஷ்மி ஒரு கணம் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். பிரியங்கா சொல்லச் சொல்ல, நேரத்தையும் கூலியையும் எழுதினாள்.

"இப்ப பேரு" என்றாள் பிரியங்கா.

"மொதல்ல தாரான்னு எழுதுங்க" என்றாள் கிருஷ்ணம்மாள்.

நாகலக்ஷ்மியின் பேனா நின்றது. "அவளா? ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுத்தவளையா? அவ வேண்டாம். நீங்க நாலு பேர் போறும். அந்தக் கையை வெச்சுண்டு அவ என்ன வேலை செய்யப்போறா?"

"நிறுத்தின நாளுலேந்து அவ கூலியையும் சேர்த்து எழுதுங்க" என்றாள் கிருஷ்ணம்மாள். "அவ பேரு விழலேன்னா, அதுக்குக் கீழ எழுத வேற பேரு இல்ல மாமி."

மற்ற மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவிப்ரியாவின் இடுப்பில் குழந்தை அழுதது. அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அக்கா சொல்றதுதான்" என்றாள்.

தாரா தன் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவார்கள் என்று பார்ப்பதற்காக, ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.